தேய்ந்தது எவ்வளவு?

1970களில் சென்னையிலோ மதுரையிலோ அம்பாசடர் கார்களைப் பிரித்து மாட்டிய ஒரு மெக்கானிக்கை, நியூ ஜெர்சியின் எடிசனில் ஒரு வீட்டு கராஜுக்குள் கொண்டுபோய் நிறுத்துவோம். அங்கே நிற்கிற எம்ஜிபி என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பானட்டைத் திறந்து காட்டினால் அவர் அதிகம் திகைக்க மாட்டார். கார் தரையோடு தரையாகத் தாழ்ந்திருக்கும், கூரை துணியால் ஆனது, இருக்கை இரண்டே, ஸ்டீயரிங் இடப்பக்கம். இதெல்லாம் அவருக்குப் புதிது. இன்ஜின் மட்டும் தெரிந்த முகம்.

பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் 1950களில் தன் பலவிதக் கார்களுக்கும் பொதுவாக வைத்திருந்த ‘பி-சீரிஸ்’ இன்ஜின் அது. அதன் 1489 சிசி வடிவம் 1955இல் எம்ஜிஏ என்ற ஸ்போர்ட்ஸ் காரில் வந்தது. அதே 1489 சிசி இன்ஜின் அந்தப் பத்தாண்டின் இறுதியில் வங்காளத்தின் உத்தரபாராவில் தயாரான அம்பாசடருக்கும் வந்து சேர்ந்தது. 1962இல் எம்ஜிபி பிறந்தபோது சிலிண்டரின் விட்டத்தை 73 மில்லிமீட்டரிலிருந்து 80.26க்கு அகட்டி, 1798 சிசி ஆக்கினார்கள். பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்கும் தூரத்தில் யாரும் கை வைக்கவில்லை. இரண்டிலும் 88.9 மில்லிமீட்டர், அதாவது மூன்றரை அங்குலம். கலெக்டரையும் கல்யாண மாப்பிள்ளையையும் ஏற்றிச் சென்ற வண்டிக்கும், கலிபோர்னியாக் கடலோரச் சாலையில் காற்று வாங்கப் போன வண்டிக்கும் பிஸ்டன் ஓட்டம் ஒன்றுதான்.

எம்ஜி கார்கள் அமெரிக்காவில் பரவியதற்கு சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்கும் நியூ ஜெர்சிக்கும் பங்கு உண்டு. நார்வேயில் பிறந்த கெல் குவாலி 1947இல் சான் பிரான்சிஸ்கோவில் பிரிட்டிஷ் கார்களை இறக்குமதி செய்து விற்கத் தொடங்கினார். மேற்குக் கரையில் அந்த மோகம் பரவியதில் அவருக்குப் பெரிய கை. 1970களில் எம்ஜியின் உரிமை பிரிட்டிஷ் லேலண்டிடம் இருந்தபோது அதன் அமெரிக்கத் தலைமையகம் நியூ ஜெர்சியின் லியோனியாவில் இருந்தது. 1980 அக்டோபரில் இங்கிலாந்தின் ஆபிங்டனில் இருந்த எம்ஜி தொழிற்சாலை மூடப்படும்வரை 5 லட்சத்துக்கும் அதிகமான எம்ஜிபிகள் வெளிவந்தன. பெரும்பகுதி அமெரிக்காவுக்கே போனது. அவற்றில் மிச்சமிருப்பவை இப்போது அரை நூற்றாண்டைத் தொடுகின்றன, தாண்டுகின்றன. ஆயில் குடிக்கின்றன. நீலப் புகை தள்ளுகின்றன. மேட்டில் மூச்சு வாங்குகின்றன.

புகை வந்துவிட்டால் உடனே இன்ஜினை வெளியே எடுத்துவிட வேண்டுமா? அதற்குமுன் ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியைச் செருகி, ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அமுக்குகிறது என்று தெரியும். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு கரண்டி ஆயிலை ஊற்றி மறுபடி பார்க்க வேண்டும். அழுத்தம் ஏறினால், ஆயில் பிஸ்டன் ரிங்கின் இடுக்கை அடைத்திருக்கிறது. கோளாறு ரிங்கிலோ சிலிண்டர் சுவரிலோ. ஏறாவிட்டால் காற்று வால்வு வழியாகவோ ஹெட் கேஸ்கெட் வழியாகவோ ஓடுகிறது. வால்வு கோளாறென்றால் மேலே உள்ள ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும், இன்ஜின் காரிலேயே இருக்கலாம். சுவர் தேய்ந்திருந்தால் தப்பிக்க வழியில்லை. ஒரு கரண்டி ஆயிலில் இத்தனை தெரிந்துவிடுவதால், ஆயிரக்கணக்கான டாலர் செலவழிக்கும் முன் இதைச் செய்யாதவரை நான் அவசரக்காரர் என்றே சொல்வேன்.

இந்தக் காரில் இன்னொரு தொல்லை உண்டு. கிளட்ச் பிளேட் தேய்ந்தாலும் இன்ஜினைத் தூக்கியே ஆக வேண்டும். கியர் பாக்ஸை அடியிலிருந்து கழற்றிக்கொள்ள உடலின் அமைப்பு இடம் தராது. வடிவமைத்தவர்கள் ஓட்டுபவரை நினைத்த அளவுக்கு மெக்கானிக்கை நினைக்கவில்லை.

வேலையின் முதல் பாதி அவிழ்ப்பது. பேட்டரி, பானட், ரேடியேட்டர், கார்புரேட்டர்கள், ஒயர்கள், பெட்ரோல் குழாய். ரேடியேட்டரிலிருந்து வடிக்கும் கூலன்ட் இனிக்கும். நாயும் பூனையும் நக்கினால் சிறுநீரகம் போய்விடும். ஆகவே அது மூடிய டப்பாவுக்குள் போக வேண்டும். இவையெல்லாம் பொறுமை இருந்தால் நடக்கும். போல்ட்டுகளிடம்தான் பொறுமை மட்டும் போதாது.

ஒரு நட்டை இறுக்கும்போது நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்து இரு பாகங்களையும் பிடித்துக்கொள்கிறது. மீதி ஒன்பது பங்கும் மரையிலும் நட்டின் அடியிலும் உராய்வாகவே செலவாகிறது. புது போல்ட்டின் கணக்கே இது. துரு பிடித்ததன் கணக்கு வேறு: இரும்பு துருவானால் முன்பு பிடித்த இடத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பிடிக்கும். மரைக்குள் விரிய இடமில்லாத துரு நட்டையும் போல்ட்டையும் நெருக்கிப் பூட்டிவிடுகிறது. நியூ ஜெர்சியில் பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவுகிறார்கள். உப்பு கலந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், இரும்பின் மேற்படலத்தையும் குலைக்கும். துருப்பிடித்தல் ஒரு மின்வேதி வினை என்பதால் அதற்கு இது விருந்து. அதே வயதுள்ள வளைகுடாப் பகுதிக் காரில் அரை மணியில் முடியும் வேலை நியூ ஜெர்சிக் காரில் ஒரு வார இறுதியைத் தின்றுவிடும். பலம் காட்டினால் போல்ட் ஒடிந்து பாதி உள்ளேயே நின்றுவிடும். இடுக்கில் ஊறிப்போகும் எண்ணெயை முதல்நாளே விட்டு வைப்பது, பிறகு நட்டை மட்டும் சூடேற்றுவது என்பதே அனுபவசாலிகளின் வழி. சூட்டில் நட்டின் துளை விரிகிறது, உள்ளே உள்ள போல்ட் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது, இடையிலிருக்கும் துரு நொறுங்குகிறது. பெட்ரோலை முழுக்க வடித்த பிறகே தீப்பந்தம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

ஸ்பேனருக்குத் திண்டாட்டம் இல்லை. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் மரையும் அமெரிக்க மரையும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் பட்ட பாட்டுக்குப் பிறகு, 1948 நவம்பர் 18 அன்று அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் வாஷிங்டனில் ஒரே மரை அளவுக்கு ஒப்புக்கொண்டன. இங்கிலாந்தில் செய்த எம்ஜிபியின் இன்ஜினை டெக்சாஸ் கடையில் வாங்கிய அங்குல ஸ்பேனர் திறப்பது அந்தக் கையெழுத்தின் பலன்.

அடுத்து தூக்குவது. இந்த வார்ப்பிரும்பு இன்ஜின் தனியாகச் சுமார் 160 கிலோ. கியர் பாக்ஸோடு சேர்த்தால் 200 தாண்டும். நம்மூர்ப் பட்டறையில் செயின் பிளாக்கை உத்தரத்தில் மாட்டி இழுப்பார்கள். அமெரிக்க வீடுகளின் கராஜ் கூரை மரச்சட்டம்; அதில் மாட்டினால் இன்ஜின் மேலே வராது, கூரை கீழே வரும். அதனால் வாடகைக் கடையிலிருந்து சக்கரம் வைத்த ஹைட்ராலிக் தூக்கியைக் கொண்டுவருவார்கள். கைப்பிடியை அழுத்தும்போது ஒரு சிறு பிஸ்டன் ஆயிலைத் தள்ளுகிறது. அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் பரவும் என்பது பாஸ்கல் சொன்னது. பெரிய பிஸ்டனின் பரப்பு எத்தனை மடங்கோ, விசையும் அத்தனை மடங்கு. கொடுக்கும் விலை தூரம்: பல முறை அழுத்தினால்தான் இன்ஜின் கொஞ்சம் எழும்பும்.

இந்தத் தூக்கியின் கையில் வரிசையாகத் துளைகள் இருக்கும். கையைக் குறுக்கி வைத்தால் 2 டன் என்றும், முழுக்க நீட்டினால் அரை டன் என்றும் எழுதியிருப்பது வழக்கம். ஹைட்ராலிக் ஜாக்கி கையின் அடிப்பகுதிக்கு அருகில் முட்டுக் கொடுக்கிறது. சுமை நுனியில் தொங்குகிறது. நீளம் கூடக்கூட அதே எடை ஜாக்கியின் மீது பல மடங்காக இறங்கும். அதோடு, தொங்கும் எடை சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பைத் தாண்டினால் மொத்தமும் முன்னால் கவிழும். எம்ஜிபியின் மூக்கு நீளம். கை நீண்டாக வேண்டும். 2 டன் தூக்கி வாங்கியிருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பவருக்கு நிஜத்தில் கிடைப்பது அரை டன்தான்.

தொங்கவிட்ட எந்தப் பொருளும் அதன் ஈர்ப்பு மையம் கொக்கிக்கு நேர் கீழே வரும்வரை திரும்பும். இந்த ஒரு விதியை வைத்துத்தான் இன்ஜின் வெளியே வருகிறது. பின்னால் கியர் பாக்ஸ் காரின் நடுச் சுரங்கத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. மட்டமாகத் தூக்கினால் அது இடிக்கும். மூக்கு மேலே, வால் கீழே என்று சாய்க்க வேண்டும். அதற்குச் சங்கிலிக்கும் கொக்கிக்கும் நடுவே நீண்ட திருகு கொண்ட ஒரு சட்டத்தை மாட்டுகிறார்கள். திருகைச் சுற்றினால் கொக்கி பிடிக்கும் இடம் சில சென்டிமீட்டர் நகரும். உடனே 200 கிலோ இரும்பு புது ஈர்ப்புக் கோட்டைத் தேடிக்கொண்டு தானாகச் சாயும். ஒருவர் தூக்கி, ஒருவர் திருகைச் சுற்றி, இன்னொருவர் வாலைப் பிடித்து வழிகாட்டினால் வேலை சுமுகமாக நடக்கும். தூக்கும் நேரத்தில் யாரும் அடியில் கையோ காலோ வைக்கக்கூடாது.

இத்தனை பாடும் எதற்காக? வெளியே வந்த இன்ஜினைப் பிரித்து அளந்தால் தேய்மானம் கண்ணுக்கே தெரியாத அளவில்தான் இருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓவர்டிரைவ் என்ற கூடுதல் கியர் இல்லாத எம்ஜிபி மணிக்கு 60 மைல் போகும்போது இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,350 சுற்று சுற்றுகிறது. 1 லட்சம் மைல் ஓட 1 லட்சம் நிமிடம், சுற்றுகள் 33.5 கோடி. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்குகிறது, அதாவது 17.8 சென்டிமீட்டர். பெருக்கினால் ஒரு பிஸ்டன் தன் சுவரோடு உரசிக்கொண்டு போன தூரம் ஏறக்குறைய 60,000 கிலோமீட்டர். பூமியை ஒன்றரை முறை சுற்றிய தூரம். அவ்வளவு உரசிய பிறகும் சுவர் 0.15 மில்லிமீட்டர் போல அகன்றுவிட்டாலே லேத் பட்டறையில் ‘போர் போட வேண்டும்’, அதாவது கடைந்து அகட்ட வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். அதிசயம் தேய்ந்ததில் இல்லை. இவ்வளவு குறைவாகத் தேய்ந்ததே அதிசயம்.

அதன் காரணத்தை முதலில் கண்ணால் பார்த்தவர் பொசாம்ப் டவர் என்ற ஆங்கிலேயர். 1880களில் லண்டனின் இயந்திரப் பொறியாளர் சங்கத்துக்காக ரயில் அச்சுகளின் பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஆயில் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் ஆயில் உள்ளே போகாமல் துளை வழியாக மேலே பொங்கியது. தக்கை வைத்து அடைத்தார், தள்ளிவிட்டது. மரக்கட்டையை அறைந்தார், அதுவும் வெளியே வந்தது. அழுத்தமானியைப் பொருத்தியபோது, பேரிங்கின் மேல் சுமத்தியிருந்த சராசரி அழுத்தத்தைப் போல இருமடங்குக்கும் அதிகமாகக் காட்டியது. அச்சு பேரிங்கைத் தொடவே இல்லை. ஆயிலின் மேல் மிதந்துகொண்டிருந்தது. மழைத்தண்ணீர் நிற்கும் சாலையில் வேகமாகப் போகும் டயர் தரையை விட்டு எழும்பி வழுக்குகிறதே, ஏறத்தாழ அதுதான் உள்ளே நடப்பது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886இல் இதற்குக் கணிதம் எழுதினார்: சுழலும் பரப்பு ஆயிலைக் குறுகும் இடுக்குக்குள் இழுத்துச் செல்கிறது, ஆயில் ஆப்பு போல நுழைந்து சுமையைத் தூக்குகிறது. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் எம்ஜிபியின் கிராங்க் சுழல்வது இப்படி ஒரு படலத்தின் மேல்தான். அதற்கு விட்டிருக்கும் இடைவெளி 0.025 முதல் 0.07 மில்லிமீட்டர்.

இந்த ஆப்புக்கு வேகம் வேண்டும். வேகம் இல்லாத இடத்தில் படலம் இல்லை. பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்பும் கணத்தில் அதன் வேகம் பூஜ்யம். அங்கேதான் எரியும் வாயுவின் அழுத்தமும் சூடும் உச்சத்தில் இருக்கின்றன. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஒரு பிஸ்டன் உச்சியிலும் அடியிலுமாக நொடிக்கு 100 முறை நின்று திரும்புகிறது. அதனால் பழைய சிலிண்டரை அளந்தால் மேல் ரிங் திரும்பும் இடத்தில் அதிகமாகவும், கீழே போகப்போகக் குறைவாகவும் தேய்ந்திருக்கும். ரிங் எட்டாத உச்சியில் தேயாத ஒரு விளிம்பு நிற்கும். விரல் நகத்தை ஓட்டினால் தட்டும். அந்த நகத்தட்டலே இன்ஜினின் மருத்துவ அறிக்கை. காலையில் குளிர்ந்த இன்ஜினை முடுக்கும் முதல் நொடிகளிலும் இதே பஞ்சம்தான்: ஆயில் இன்னும் மேலே ஏறியிருக்காது.

ஹெட்டைத் திருப்பிப் பார்த்தால் வேறொரு வரலாறு தெரியும். எக்ஸாஸ்ட் வால்வு சுமார் 700 டிகிரி வரை சூடேறி, வார்ப்பிரும்பில் நேரடியாகக் கடைந்த சீட்டின் மேல் நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் அதிகமான முறை அறைகிறது. அந்தச் சூட்டில் இரண்டு உலோகங்களும் நுண்புள்ளிகளில் ஒட்டிப் பிய்கின்றன. பிய்ந்த துகள் ஆக்சைடாகி அரத்தூளாக மாறுகிறது. சீட் குழிகிறது, வால்வு மேலே ஏறுகிறது, 0.38 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய டேப்பட் இடைவெளி சுருங்கிக்கொண்டே வருகிறது. அது பூஜ்யமானால் வால்வு முழுக்க மூடாது, கருகும். இந்த இன்ஜினை வடிவமைத்த நாட்களில் இப்படி ஆகாமல் காத்தது பெட்ரோலில் இருந்த ஈயம். எரிந்த ஈயத்தின் சேர்மங்கள் சீட்டின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து உலோகம் உலோகத்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டன.

ஈயத்தைச் சேர்த்தது வால்வுக்காக அல்ல. இன்ஜின் ‘நாக்’ அடிப்பதைத் தடுக்க 1921இல் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்த டெட்ரா எத்தில் ஈயம் அது. 1923இல் விற்பனைக்கு வந்தது. நியூ ஜெர்சி டர்ன்பைக்கில் லிண்டன் பக்கம் போகிறவர்கள் இடையில் குழாய்க் காடாக ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைப் பார்த்திருப்பார்கள். அது பேவே. 1924 அக்டோபரில், அப்போது ஸ்டாண்டர்ட் ஆயில் வசமிருந்த அங்கே இந்த ஈயத்தைத் தயாரித்த தொழிலாளர்களுக்குப் புத்தி பேதலித்தது. இல்லாததைக் கண்டு அலறினார்கள். 5 பேர் இறந்தார்கள், 30க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். அதே மாத இறுதியில் மிட்ஜ்லி நிருபர்களை அழைத்து, அந்தத் திரவத்தில் கையைக் கழுவி, முகர்ந்தும் காட்டினார். அவரே அதற்கு முந்தைய ஆண்டு ஈய நச்சுக்காக ஓய்வெடுத்தவர். விற்பனை சில காலம் நின்றது, நிபுணர் குழு ஒன்று தடைக்குக் காரணமில்லை என்றது, மறுபடி தொடர்ந்தது. பிறகு அரை நூற்றாண்டுக்கு உலகமே அதைச் சுவாசித்தது.

அமெரிக்காவில் அதன் வீழ்ச்சி 1975இல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தபோது தொடங்கியது. புகையைச் சுத்தம் செய்யும் அந்தப் பிளாட்டினப் பரப்பை ஈயம் பூசி அடைத்துவிடும். ஆகவே ஒன்று போயாக வேண்டும். 1996இல் அமெரிக்கச் சாலைக் கார்களுக்கு ஈயப் பெட்ரோல் முற்றிலும் தடையானது. இந்தியாவில் 2000 பிப்ரவரியில். உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. இதனால் எம்ஜிபியின் ஹெட்டை இன்று பட்டறைக்கு அனுப்பும்போது பழைய சீட்டைக் கடைந்தெடுத்துவிட்டுக் கடினமான உலோக வளையத்தை இறுக்கிப் பொருத்தச் சொல்வார்கள். ஊருக்குள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுபவருக்கு இது அவசரமில்லை. ஆஸ்டினுக்கும் சான் அந்தோனியோவுக்கும் இடையே டெக்சாஸின் 130ஆம் எண் சாலையில் ஒரு பகுதிக்கு மணிக்கு 85 மைல் அனுமதி. அமெரிக்காவிலேயே அதிக வேகம் அதுதான். அங்கே இந்த இன்ஜின் நிமிடத்துக்கு 4,700 சுற்று சுற்றும். சீட் குழிவது அப்படிப்பட்ட நீண்ட, சூடான ஓட்டத்தில்தான்.

அதே கன்வெர்ட்டர் பழைய இன்ஜினிடமிருந்து இன்னொன்றையும் பறித்தது. ஆயிலில் கலக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம் ஒன்று, ஆயில் படலம் நிற்காத இடங்களில் உலோகத்தின் மேலேயே காப்புப் பூச்சாக வளரும். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாப்டின் மேடும் அதன்மேல் சறுக்கும் டேப்பட்டும் சந்திக்கும் இடம் அப்படிப்பட்டது. பாஸ்பரஸும் கன்வெர்ட்டருக்கு ஆகாது என்பதால் புதிய கார்களுக்கான ஆயிலில் அதைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். உருளும் டேப்பட் உள்ள இன்றைய இன்ஜின்களுக்கு அது பெரிய இழப்பில்லை. பி-சீரிஸுக்கு இழப்புதான். புகைச் சட்டமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிபோர்னியாவில் 1975 வரையிலான கார்களுக்குப் புகைச் சோதனை இல்லை. 1976 எம்ஜிபி என்றால் அன்றைய மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அத்தனையோடும் சோதனைக்குப் போக வேண்டும். 25 ஆண்டு தாண்டிய காரை டெக்சாஸ் அப்படிக் கேட்பதில்லை. ஒரே இன்ஜினைப் புதுப்பிக்கும்போது எதை மாட்டலாம், எதைக் கழற்றி எறியலாம் என்பதை மாநில எல்லைக்கோடு முடிவு செய்கிறது.

சிலிண்டரை அடுத்த அளவுக்குப் போர் போட்டு, பெரிய பிஸ்டன் வைத்து, கிராங்கைச் சாணை பிடித்து, அதற்கேற்ற தடித்த பேரிங்கைப் போட்டு இன்ஜினை மறுபடி இறக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். போர் போட்ட சுவரைக் கண்ணாடியாக விடுவதில்லை. குறுக்கும் நெடுக்குமாக வேண்டுமென்றே கீறுகிறார்கள், கீறல்களில் ஆயில் தங்குவதற்காக. புது ரிங்குகள் அந்த மேடுகளைக் கொஞ்சம் தேய்த்து உட்கார்ந்தால்தான் அழுத்தம் நிற்கும். முதல் ஓட்டத்தில் இன்ஜினைச் சும்மா ஐடிலில் விடக்கூடாது. கிராங்க் வீசியடிக்கும் ஆயிலில்தான் கேம் நனைகிறது, மெதுவான சுற்றில் அது போதாது. ஆகவே துத்தநாகம் மிகுந்த ஆயிலை ஊற்றி, முடுக்கிய உடனே 2,000 சுற்றுக்கு மேல் ஏற்றி, வேகத்தைச் சற்று மாற்றி மாற்றி 20 நிமிடம் ஓடவிடுகிறார்கள். பிறகு அந்த ஆயிலைச் சூட்டோடு வடித்துவிட்டுப் புது ஃபில்டரும் புது ஆயிலும் போடுகிறார்கள். வடித்தது சாக்கடைக்குப் போகக்கூடாது. பெரிய உதிரிபாகக் கடைகள் பலவும் பழைய ஆயிலைக் காசு கேட்காமல் வாங்கிக்கொள்ளும்.